ரசீது இல்லாத செலவுகள்: வீரக் கதைகளும் பெண்களின் கணக்கும்

செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலைச் சுற்றியுள்ள கட்டடங்களில் இரண்டை எனக்கு எப்போதும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். ஒன்று நெற்களஞ்சியம். இன்னொன்று உடற்பயிற்சிக் கூடம். மலை ஏறி மூச்சு வாங்க இறங்கி வருகிறவர்கள் இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கோட்டையைக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கம்பும் வாளும் பழகும் உடம்புக்குத் தானியம் வேண்டும். அந்தத் தானியத்தை யாரோ விளைவிக்க வேண்டும், யாரோ குத்த வேண்டும், யாரோ ஆக்கிப் போட வேண்டும். கல்லில் கட்டி வைத்த இந்தக் கணக்கு நம்முடைய வீரக் கதைகளில் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

இதை நான் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. முதுகலை மாணவிகளைக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தபோது, அந்தக் கூடத்தின் வாசலில் நின்று ஒரு மாணவி கேட்டாள்: "இங்க பழகுனவங்களுக்கு ஃபீஸ் யாரு மேடம் கட்டுனது?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து சிலம்பம் சுற்றுகிறவள் அவள். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, சுருள்வாள் மூன்றிலும் மாவட்டப் போட்டிகளுக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மா மல்லாட்டை உரிக்கும் கூலி வேலைக்குப் போகிறார்.

பிறகு ஒருநாள் அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நாற்பது பக்க நோட்டு. கம்பு, சீருடை, போட்டிக்கு நுழைவுக் கட்டணம், திண்டிவனம் போக பஸ், விழுப்புரம் போக பஸ், சான்றிதழுக்குப் பணம், கணுக்காலுக்கு கிரிப் பேண்டேஜ், முட்டை. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்தாள். 'குழு லோன்.' 'அண்ணன்.' 'சீட்டு தள்ளி எடுத்தது.' இரண்டு இடத்தில் 'கம்மல்.' நான் எவ்வளவோ காப்பியங்களுக்கு உரை படித்தவள். ஒரே சொல்லில் இவ்வளவு அர்த்தம் அடங்கிய உரையைப் படித்ததில்லை.

அந்த நோட்டை மனதில் வைத்துக்கொண்டு, நாம் கொண்டாடும் சில வீரக் கதைகளை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சண்டை பழகுவதன் செலவை இந்தக் கதைகள் யார் கணக்கில் எழுதுகின்றன? எழுதாமல் விடும்போது அதற்கு என்ன பெயர் வைக்கின்றன?

செஞ்சியிலிருந்தே தொடங்கலாம். ராஜா தேசிங்கு 1714இல், இருபது சொச்சம் வயதில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையோடு மோதி இறந்தவன். சண்டை எதனால் வந்தது? கப்பப் பாக்கியால். அதாவது கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட மறுத்ததால். தெருக்கூத்திலும் அம்மானையிலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் வாழும் தேசிங்குராஜன் கதை இந்த மறுப்பைத் தன்மானமாகப் பாடுகிறது. பாடட்டும். கட்டப்படாத அந்தப் பாக்கி கடைசியில் யாரிடம் வசூலாகிறது என்பதுதான் என் கேள்வி.

கதையில் தேசிங்கு அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை அடக்குகிறான். அந்தத் திறமைக்குப் பரிசாகக் குதிரை கிடைக்கிறது, பெண்ணும் கிடைக்கிறாள். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கதையில் இருக்கும் வேலை இரண்டுதான்: போருக்குப் போகிறவனுக்கு விடைகொடுப்பது, அவன் செத்தபின் தீயில் இறங்குவது. ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக வந்தது என்று மரபு சொல்கிறது. நண்பன் மோவுத்துக்காரன் தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவருகிறான். இந்து அரசனும் முஸ்லிம் தோழனும் சேர்ந்து சாகும் அந்த நட்பை நானும் வகுப்பில் நெகிழ்ந்துதான் சொல்லித்தருகிறேன். ஆனால் மணக்கோலத்தில் விட்டுவரப்பட்ட பெண் அதன்பிறகு என்ன ஆனாள் என்று கேட்ட பாடகரை நான் பார்த்ததில்லை. ஒருத்தி தீக்குப் போனதால் ஊர்ப்பெயரானாள். மற்றவள் உயிரோடு இருந்ததால் ஒன்றுமே ஆகவில்லை. தப்பிப் பிழைத்த பெண்ணுக்கு வீரக் கதையில் இடமில்லை, ஏனென்றால் அவளிடம் ஒரு பாக்கிக் கணக்கு இருக்கும்.

இந்த இடத்தில்தான் தியாகம் என்ற சொல் வருகிறது. பெண் கொடுத்த விலையை அந்தச் சொல் காணிக்கையாக மாற்றிவிடுகிறது. காணிக்கைக்கு ரசீது கேட்பது நம் வழக்கமில்லை.

முந்நூறு ஆண்டு தாண்டி வடசென்னைக்கு வந்தால், இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது திறந்து வைத்த படம் பா.இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). எழுபதுகளின் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை. அதில் கபிலனின் அம்மா பாக்கியம், மகன் கையுறை மாட்டக்கூடாது என்று அடித்து விரட்டுகிறாள். குத்துச்சண்டைக்காரனாக இருந்து அடிதடிக்குப் போய் வெட்டுப்பட்ட கணவனை இழந்தவள் அவள். படம் பார்த்த ஆண்கள் பலர் அவளை மகனின் கனவுக்குக் குறுக்கே நிற்கும் அம்மாவாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்தப் படத்திலேயே கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று பட்டது. ஒரு சண்டைக்காரனின் முழுச் செலவையும் ஏற்கெனவே ஒருமுறை கட்டி முடித்தவள். அடுத்த தவணைக்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

மனைவி மாரியம்மா இன்னும் கொஞ்சம் வித்தியாசமானவள். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாள், ஊட்டிவிடச் சொல்கிறாள். வீரனின் மனைவிக்கும் பசிக்கும் என்று தமிழ் சினிமாவில் ஒரு பெண் சொல்லிக் கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் படம் அந்தப் பசியைத் தீர்த்துவைக்கும் வழியாக மறுபடி வளையத்தைத்தான் காட்டுகிறது. கபிலன் மேடையில் ஜெயித்தால் பாக்கியத்தின் பயமும் மாரியம்மாவின் கோபமும் சரியாகிவிடும். பெண்கள் கைதட்டும் முகங்களாகக் கூட்டத்தில் கரைகிறார்கள். கணக்கைத் திறந்து வைத்தவர், கடைசிக் குத்தில் அதை மூடிவிடுகிறார்.

சண்டையிடுகிறவளே பெண்ணாக இருந்தால் என்ன ஆகிறது? சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) இதற்கு நல்ல பாடம். நிஜ வாழ்க்கையிலும் தற்காப்புக் கலை பயின்ற ரித்திகா சிங், மீன் விற்கும் மதியாக நடித்தார். இந்தப் படத்தில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. இரண்டும் பணத்தைப் பற்றியவை.

முதலாவது, அக்கா லட்சுமி. அவள் பதக்கக் கனவுக்காகக் குத்துச்சண்டை பழகவில்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்கப் பழகுகிறாள். நம் ஊர்ப் பெண்களின் கதை பெரும்பாலும் இதுதான். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது என்று 2021இல் அறிவிப்பு வந்தபோது என் மாணவியின் வீட்டில் கேசரி கிண்டினார்களாம். கலை மீதான காதல் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த வீட்டுக்கு அது முதலீடு. இரண்டாவது, பயிற்சிக்கு வரமாட்டேன் என்கிற மதிக்குப் பயிற்சியாளர் பணம் கொடுக்க ஒத்துக்கொள்கிறார். பழகப்போகிற நேரத்துக்கு மீன் விற்கப் போக முடியாது. அந்த நேரத்துக்கு ஒரு கூலி உண்டு. ஏழைப் பெண்ணின் நேரமும் காசுதான் என்று ஒரு தமிழ்ப்படம் சொன்ன அரிய தருணம் அது.

பிறகு படம் இந்த இரண்டையும் கைவிடுகிறது. லட்சுமியின் ஏமாற்றம் பொறாமையாகிறது, தங்கையின் கையைக் கெடுக்கும் துரோகமாகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒரே வாய்ப்பையும் தங்கையிடம் இழந்த பெண்ணின் வலியைக் கேட்கப் படத்துக்கு நேரமில்லை. இரண்டு பெண்கள் ஒரே வேலைக்கு மோதும்படி ஏன் இவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்ற கேள்வியும் எழவில்லை. கூலி பேசித் தொடங்கிய உறவு காதலாகிவிடுகிறது. காதல் வந்தபின் கூலி கேட்க முடியுமா?

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. விளையாட்டுச் சங்கத்தில் பெண்களைத் தொந்தரவு செய்யும் அதிகாரியைப் படம் வில்லனாக்குகிறது, சரி. ஆனால் நாயகனான பயிற்சியாளர் மீதும் பாலியல் புகார் வருகிறது, அது ஜோடிக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே நம்மை நம்பவைக்கிறது. ஆக, புகார் உண்மையா பொய்யா என்பது அந்த ஆண் நமக்குப் பிடித்தவரா என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒரு பெண் இயக்குநரின் கையிலிருந்து இது வந்தது என்பதால்தான் அதிகம் வருத்தம்.

இதே சென்னையில் எடுத்த ஆவணப்படம் ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நார்வேயைச் சேர்ந்த இரு பெண் இயக்குநர்கள் எடுத்து 2013இல் வெளியான 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை'. துளசி என்ற தலித் குத்துச்சண்டை வீராங்கனையைப் பின்தொடரும் படம். அவருக்கும் இலக்கு அரசு வேலைதான். இங்கே காப்பாற்ற வரும் பயிற்சியாளர் இல்லை. வயது ஏறிக்கொண்டே போகிறது, குடும்பம் கல்யாணத்தைப் பேசுகிறது, சங்கத்தில் அதிகாரம் உள்ளவர்களை எதிர்த்துப் பேசவேண்டி வருகிறது. பேசியதற்கான விலையும் அவர் தலையில்தான் விழுகிறது. கடைசிக் காட்சியில் கைதட்டும் அரங்கம் கிடையாது. அதனால்தான் 'இறுதிச்சுற்று' பார்த்த அளவுக்கு நாம் இந்தப் படத்தைப் பார்க்கவில்லையோ என்று தோன்றுகிறது. சாதியும் வறுமையும் பெண் உடம்பும் ஒரே நோட்டில் கணக்கெழுதும்போது, கூட்டிப் பார்க்க யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை.

பணத்தை விடுங்கள், உடம்பின் கணக்குக்கு வருவோம். மேரி கோம் குத்துச்சண்டைக்குப் போகிறார் என்பது, அவர் போட்டியில் வென்று பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் அவர் அப்பாவுக்குத் தெரிந்தது. முகத்தில் அடிபட்டால் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது அவருடைய முதல் கவலை. ஆணின் முகத்தில் விழும் தழும்பு வீரத்தின் அடையாளம். பெண்ணின் முகத்தில் விழுந்தால் வரதட்சணை ஏறும். அதே மேரி கோம் 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008இல் நான்காவது முறையாக உலகப் பட்டம் வென்றார். இந்தச் செய்தியை நாம் சொல்லும்போதெல்லாம் 'தாயான பிறகும்' என்று ஒரு 'உம்' சேர்க்கிறோம். அந்த 'உம்'முக்குள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், இரவுத் தூக்கம், வயிற்றுத் தையல் எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

'தங்கல்' (2016) படத்தில் ஒரு காட்சி. மல்யுத்தம் பழகும் மகள்களின் தலைமுடியை அப்பா வெட்டச் சொல்கிறார். பெண்கள் அழுகிறார்கள், நாம் கொஞ்சம் சிரிக்கிறோம், பிறகு பதக்கம் வருகிறது, அப்பா செய்தது சரி என்றாகிறது. அதே போகாட் குடும்பத்துப் பெண், தந்தையைச் சிறுவயதில் இழந்த வினேஷ், 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு முழுக்க எடை குறைக்கப் பாடுபட்டார். அவர் முடியையும் வெட்டினார்கள். அப்படியும் 100 கிராம் கூடுதல் என்று தகுதிநீக்கம் ஆனார். இந்த முடியை வெட்டிய காட்சிக்குப் பின்னால் பதக்கம் வரவில்லை. எனவே அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. பதக்கம் வராவிட்டால்தான் ஒரு பெண்ணின் உடம்பிடம் நாம் என்னவெல்லாம் கேட்டோம் என்பது தெரிகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு வினேஷும் தோழிகளும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போதைய மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி, வழக்குப் பதியச் சொல்லி, வெயிலில் நடைபாதையில் படுத்தார்கள். 2023 மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், போலீஸ் அவர்களைத் தரையில் இழுத்தது. அந்த டிசம்பரில், ரியோவில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக், செய்தியாளர்கள் முன் தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டை விட்டு விலகினார். எதிரியை மடக்கிப் போடத் தெரிந்த பெண்கள் இவர்கள். தற்காப்பு தெரிந்தால் போதும், உன்னை யாரும் தொட முடியாது என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரும் அந்த மேசையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். பிடி தெரியாததால் அந்தப் பெண்கள் பாதிக்கப்படவில்லை. முகாமும் தேர்வும் வேலையும் எதிராளியின் கையெழுத்தில் இருந்தன.

இங்கே அரசுப் பள்ளிகளுக்கு வருகிறேன். மாணவிகளுக்குக் கராத்தே போன்ற தற்காப்புப் பயிற்சி தரும் ஒன்றிய அரசுத் திட்டத்துக்கு ராணி லட்சுமிபாயின் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 மாதம். மறுபடியும் ஒரு ராணி, மறுபடியும் போரில் செத்தவள். திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவி முதன்முதலில் கால் விரித்து நின்றது அப்படியொரு வகுப்பில்தான். தாவணி வயதில் கால் விரித்து நிற்பதே ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் முடிந்து நான்காவது மாதம் அந்தப் பெண் தொடர்ந்து பழக நினைத்தால், செலவு உடனே வீட்டுக்குப் போகிறது. வீட்டில் அது அம்மாவிடம் போகிறது. தெருவைப் பாதுகாப்பாக வைக்கவேண்டிய அரசு, அந்தப் பொறுப்பைப் பதின்மூன்று வயதுப் பெண்ணின் முட்டியில் வைத்துவிட்டு, முட்டி வலிக்கு மருந்தும் அவளையே வாங்கச் சொல்கிறது.

வேறு வழி இருந்திருக்கிறதா? கேரளத்தின் வடகரையில் மீனாட்சியம்மா நடத்தும் களரியைச் சொல்வார்கள். 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஏழு வயதில் தொடங்கியவர், பூப்பெய்தியதும் பெண்கள் நின்றுவிடும் வழக்கத்தை மீறித் தொடர்ந்தவர். அந்தக் களரியில் மாதக் கட்டணம் கிடையாது. முடிந்தவர்கள் முடிந்த அளவு குருதட்சிணை வைக்கிறார்கள். இதைப் படித்தபோது மகிழ்ந்தேன். கூடவே அந்தக் குடும்பத்தின் சமையலறையையும் நினைத்தேன். கட்டணம் இல்லாத இடத்திலும் செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு ஊரும் ஒரு குடும்பமும் சேர்ந்து அதைப் பகிர்ந்துகொண்டபோது, ஒரு பெண்ணால் எழுபது வயதுக்கு மேலும் வாளைப் பிடிக்க முடிந்திருக்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்ள ஆளிருந்தால் தியாகம் தேவைப்படாது.

நம் மாநிலத்தில் பெண்கள் கேட்கவேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. போட்டிக்குப் போய்வர பஸ் காசு. பழகும் நாட்களில் முட்டையும் பாலும். அடிபட்டால் இயன்முறை மருத்துவம். மாதவிடாய் நாட்களைச் சொல்லக் கூச்சப்படாத அளவுக்குப் பெண் பயிற்சியாளர்கள். ஒவ்வொரு சங்கத்திலும் பெயரளவில் இல்லாமல் உண்மையில் கூடுகிற உள் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தை மேடையேற்றிக் கைதட்டினோம். அந்த மேடைக்கு வந்து சேர ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் எது அடகுபோனது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

எழுதுகிறவர்களிடமும் படம் எடுக்கிறவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. அடுத்த முறை சண்டை பழகும் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, அவள் அம்மாவின் காதையும் ஒருமுறை காட்டுங்கள். கம்மல் இருக்கிறதா, ஈர்க்குச்சி இருக்கிறதா என்று பார்ப்போம்.

என் மாணவி சென்ற ஆண்டு ஒரு போட்டிக்குப் போகவில்லை. குழுவில் முந்தைய தவணை பாக்கி இருந்தது. 'அம்மா போகச் சொன்னாங்க மேடம், நாந்தான் வேணாம்னுட்டேன்' என்றாள். அதை அவள் தியாகம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரில் 'போகல' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். மீண்ட தொகை எவ்வளவு என்று குறித்திருக்கிறாள்.

இந்தப் பருவத்தில் நாட்டார் இலக்கியத் தாளில் தேசிங்குராஜன் கதையை நான்தான் நடத்துகிறேன். அந்த வகுப்புக்கு நோட்டைக் கொண்டுவர முடியுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அதில் பாதிக் கணக்கு அம்மாவுடையது.